தீ, வெள்ளம், ஆம்புலன்ஸ்: எல்லாம் ஒரே அமைச்சரிடம் இருக்க வேண்டுமா?

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டியதாகச் செய்தி வந்தது. மறுநாள் ஏரல் பக்கத்தில் இருக்கும் என் சித்தி வீட்டுக்குள் தாமிரபரணி வந்துவிட்டது. சித்தி, சித்தப்பா, பாட்டி மூவரும் மொட்டை மாடியில். சித்தப்பாவின் இன்சுலின் கீழே பிரிட்ஜில், பிரிட்ஜ் தண்ணீரில். "சார்ஜ் தீரப் போகுதுய்யா, அப்புறம் பேசுறேன்" என்று சித்தி சொன்னதுதான் கடைசி. அதற்கப்புறம் இரண்டு நாள் ஒரு தகவலும் இல்லை.

சென்னையில் இருந்த நானும் தம்பியும் மூன்று எண்களுக்கு மாறி மாறிப் போன் போட்டோம். எல்லாரும் மரியாதையாகத்தான் பேசினார்கள். ஓர் இடத்தில் முகவரியை எழுதிக்கொண்டு, படகு எங்கள் கையில் இல்லை என்றார்கள். இன்னோர் இடத்தில் படகு இருந்தது. ஆனால் எந்த ஊருக்கு முதலில் போவது என்பதை மாவட்டத்தில் முடிவு செய்து சொல்ல வேண்டும் என்றார்கள். மூன்றாவது இடத்தில், நோயாளியைத் தண்ணீர் இல்லாத சாலை வரைக்கும் கொண்டுவந்தால் வண்டி நிற்கும் என்றார்கள். இப்போது யோசித்தால் மூவர் சொன்னதும் அவரவர் வேலைப்படி சரிதான். மூன்றையும் ஒன்றாகக் கோக்க வேண்டிய கைதான் அங்கே இல்லை. கடைசியில் கடற்கரை ஊர்ப் பையன்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த பைபர் படகு ஒன்றுதான் சித்தப்பாவை ஆஸ்பத்திரி போகும் சாலையில் இறக்கிவிட்டது.

அன்று முதல் ஒரு கேள்வி என்னை விடவில்லை. இந்த எண்களெல்லாம் மேலே போகப் போக எந்த அமைச்சரின் மேஜையில் போய் முடிகின்றன?

தமிழ்நாட்டில் ஒரே மேஜையில் முடிவதில்லை. புயல், வெள்ளம், நிவாரணம் எல்லாம் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை அமைச்சருக்கு. சேப்பாக்கம் எழிலகத்தில் இருக்கும் மாநில அவசரகால செயல்பாட்டு மையமும் 1070 என்ற எண்ணும் அந்தத் துறையுடையவை, மாவட்டத்தில் 1077. தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை உள்துறைக்குக் கீழே வருகிறது. உள்துறையையும் காவல்துறையையும் முதலமைச்சரே வைத்துக்கொள்வது நம் ஊரில் நெடுநாள் வழக்கம் என்பதால், தீயணைப்பு எண்ணான 101-க்கு அமைச்சர் முதலமைச்சர்தான். 2008-இல் தொடங்கிய 108 ஆம்புலன்ஸ் மக்கள் நல்வாழ்வுத் துறையுடையது. ஏரி ஷட்டரைத் திறப்பது நீர்வளத் துறை. காடு எரிந்தால் வனத்துறை.

இதையெல்லாம் ஒரே அமைச்சரிடம் கொடுத்துவிட்டால் என்ன என்பது எளிதாக எழும் யோசனை. எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் மாநிலங்களில் அவசர சேவைகளுக்கென்றே ஓர் அமைச்சர் இருக்கிறார். ஒடிசா வேறு வழி பிடித்தது: அமைச்சர்களை அப்படியே விட்டுவிட்டு, பேரிடருக்கென்று ஓர் ஆணையத்தை வலுவாகக் கட்டியது. நம்முடையது மூன்றாவது வழி. இந்த மூன்றில் தமிழ்நாட்டுக்கு எது பொருந்தும் என்று இரண்டு வருடமாகப் படித்தும் கேட்டும் பார்த்ததில் என் முதல் யோசனை மாறிவிட்டது. எப்படி மாறியது என்பதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். பேரிடர் அமைச்சருக்கு உண்மையில் என்ன வேலை? டிவியில் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பதைத்தான் நாம் பார்க்கிறோம். நியூ சவுத் வேல்ஸின் 1989-ஆம் ஆண்டுச் சட்டம் இதை அழகாகப் பிரித்துச் சொல்கிறது. தடுப்பு, முன்னேற்பாடு, மீட்பு, மறுவாழ்வு ஆகிய நான்குக்கும் அரசுத் துறைகள் போதுமான ஏற்பாடு செய்திருக்கின்றனவா என்று உறுதி செய்வதும், அந்தத் துறைகளை ஒருங்கிணைப்பதும் அமைச்சரின் பொறுப்பு. குழாயை எந்தப் பக்கம் திருப்புவது, எந்தத் தெருவை முதலில் காலி செய்வது என்பதெல்லாம் சீருடை போட்டவர்களின் வேலை. அமைச்சரின் வேலை பெரும்பாலும் வெயில் காலத்தில் நடப்பது. காலிப் பணியிடத்தை நிரப்ப நிதித்துறையோடு மல்லுக்கட்டுவது, ஜூன் மாதத்தில் படகு வாங்கக் கையெழுத்துப் போடுவது, எல்லாம் முடிந்த பிறகு சட்டமன்றத்தில் எழுந்து நின்று பதில் சொல்வது. இந்த மூன்றையும் வைத்துத்தான் ஒவ்வொரு வழியையும் நான் எடைபோட்டேன்.

நம் வழியின் பலத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். அதைக் குறைத்து மதிப்பிடுபவர்கள் பெரும்பாலும் கிராமத்தில் ஒரு புயலைப் பார்க்காதவர்கள். வி.ஏ.ஓ., வருவாய் ஆய்வாளர், தாசில்தார், ஆர்.டி.ஓ., கலெக்டர் என்று போகும் அந்தச் சங்கிலி ஒவ்வொரு ஊரையும் தொடுகிறது. எந்தத் தெருவில் கர்ப்பிணி இருக்கிறார், எந்தப் பள்ளிக்கூடத்தின் மாடியில் எத்தனை பேர் படுக்கலாம் என்று தெரிந்தவர் அந்த ஊர் வி.ஏ.ஓ.தான். 2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடக்கும் முன் சுமார் 80,000 பேரை முகாம்களுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது இந்தச் சங்கிலி. 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் கலெக்டராக ஜே. ராதாகிருஷ்ணன் வேலை செய்த விதத்தை அந்த மாவட்டத்தில் இன்றும் சொல்வார்கள். கலெக்டர் சொன்னால் எல்லாத் துறையும் ஓடும். 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டமும் கலெக்டரைத்தான் மாவட்ட ஆணையத்தின் தலைவராக்கியிருக்கிறது.

குறை எங்கே என்றால், இந்தச் சங்கிலி நிவாரணத்துக்காக உருவானது. பஞ்சம் வந்தால் கஞ்சித் தொட்டி திறந்த காலத்துப் பழக்கம் அதன் ரத்தத்தில் இருக்கிறது. சட்டமன்றத்தில் வைக்கப்படும் மானியக் கோரிக்கையின் தலைப்பைப் பாருங்கள்: "இயற்கைச் சீற்றங்கள் குறித்த துயர்தணிப்பு". துயர் வந்த பிறகு தணிப்பது. எவ்வளவு அரிசி, எத்தனை வேட்டி சேலை, குடிசைக்கு எவ்வளவு, மாட்டுக்கு எவ்வளவு என்பதில் நம் வருவாய்த் துறையை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் அந்த ஆறு மணி நேரத்தில் கயிறும் படகும் பயிற்சியும் வேண்டும். அவை தீயணைப்பு நிலையத்தில் இருக்கின்றன, அந்த நிலையம் இன்னொரு அமைச்சரிடம் இருக்கிறது.

தீயணைப்புத் துறையின் நிலையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்த்தேன். ஒரு ஆகஸ்ட் மாதம், தெற்கே ஒரு தாலுகா ஊரில், தெரிந்தவர் மூலமாக ஒரு தீயணைப்பு நிலையத்துக்குப் போயிருந்தேன். வண்டியைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள். வாட்ச் ரூமில் பதிவேடு அன்றைய தேதி வரை நேர்த்தியாக இருந்தது. அதைப் புரட்டினால் தீயைவிடப் பாம்பு பிடித்ததும், கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்கியதும், குளத்தில் மூழ்கியவரைத் தேடியதும்தான் அதிகம். பின்னால் ரப்பர் படகு ஒன்றைச் சுருட்டி ஒரு பெஞ்சின் மேல் வைத்திருந்தார்கள். மோட்டார் எங்கே என்று கேட்டேன். பழுது பார்க்கப் போயிருக்கிறது, நான்கு மாதமாகிறது என்றார் அங்கே இருந்தவர். "மழைக்குள்ள வந்துரும் சார்" என்றும் சொன்னார். முப்பது வயதுகூட இருக்காது அவருக்கு. கயிற்றில் முடிச்சுப் போட்டுக் காட்டினார். அரை நிமிஷத்தில் மூன்று விதமான முடிச்சு. இப்படிப்பட்ட ஆட்கள் கையில் மோட்டார் இல்லாத படகு இருப்பது அந்த நிலையத்தின் தவறில்லை. அந்தக் கோப்பு எத்தனை மேஜையில் உட்கார்ந்து எழுந்து போகிறது என்பதுதான் விஷயம்.

சட்டமன்றத்தில் காவல்துறை மானியமும் தீயணைப்பு மானியமும் சேர்ந்தே விவாதத்துக்கு வரும். அன்று முழுக்கச் சட்டம் ஒழுங்குதான் ஓடும். மறுநாள் பேப்பரிலும் அதுதான் வரும். தீயணைப்பு வண்டியைப் பற்றி யாராவது ஒரு உறுப்பினர் தன் தொகுதிக்கு ஒரு நிலையம் கேட்பதோடு முடிந்துவிடும். முதலமைச்சர் மீது குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. மாநிலம் முழுவதையும் சுமக்கும் ஒருவரிடம் படகு மோட்டாரைப் பற்றி யோசிக்கச் சொல்வது நியாயமில்லை.

2015 டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்தபோது இந்தப் பிரிவினையின் முழு விலையும் தெரிந்தது. ஷட்டர் ஒரு துறை, கரையோர மக்களுக்குச் சொல்வது ஒரு துறை, கயிற்றோடு போவது ஒரு துறை, ஆம்புலன்ஸ் ஒரு துறை. இது மனிதர்களால் விளைந்த பேரிடர் என்று இந்தியக் கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை சொன்னது. அந்த அறிக்கை சட்டமன்றத்துக்கு வந்தது 2018-இல். யார் பதில் சொல்ல வேண்டும் என்பதற்கு இன்றுவரை சைதாப்பேட்டையிலும் ஜாபர்கான்பேட்டையிலும் வீட்டை இழந்தவர்களுக்கு ஒரு முகம் காட்டப்படவில்லை. 2004-இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோனபோதும் இதே கதைதான்: பள்ளிக்கு அங்கீகாரம் தந்தது ஒரு துறை, கட்டடத்துக்குச் சான்று தர வேண்டியது வேறு துறை, தீயை அணைத்தது இன்னொரு துறை.

சரி, அப்படியானால் விக்டோரியா மாதிரி ஒரே அமைச்சர் என்று போய்விடலாமா? நான் இங்கேதான் அதிக நேரம் செலவழித்தேன்.

2009 பிப்ரவரி 7-ஐ அங்கே கறுப்புச் சனிக்கிழமை என்கிறார்கள். காட்டுத்தீயில் 173 பேர் இறந்தார்கள். அன்று விக்டோரியாவில் காவலுக்கும் அவசர சேவைகளுக்கும் சேர்த்து ஓர் அமைச்சர் இருந்தார், பாப் கேமரன். மேலே ஒரே அமைச்சர். கீழே நடந்ததைப் பாருங்கள். கில்மோர் ஈஸ்ட் என்ற இடத்தில் கிளம்பிய தீ கிங்லேக் ஊரை நோக்கிப் போனது. கங்காரு கிரவுண்ட் என்ற இடத்தில் இருந்த கட்டுப்பாட்டு மையத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது தெரிந்தது. ஆனால் அந்தத் தீக்குப் பொறுப்பு கில்மோரில் இருந்த மையம். எனவே எச்சரிக்கை விட வேண்டியது கில்மோர்தான் என்று கங்காரு கிரவுண்டில் காத்திருந்தார்கள். அந்த ஒரு தீயில் மட்டும் 119 பேர் இறந்தார்கள். பிறகு உட்கார்ந்த ராயல் கமிஷன் என்ற விசாரணை ஆணையம், மாநிலம் முழுக்கத் தீக்கு ஒரே ஒரு தலைமை இல்லாததைச் சுட்டிக்காட்டியது. அமைச்சர் ஒருவராக இருப்பதும், களத்தில் கட்டளை ஒன்றாக இருப்பதும் வேறு வேறு விஷயங்கள் என்று எனக்குப் புரிந்தது இதைப் படித்தபோதுதான்.

அதன் பிறகு அவர்கள் செய்தது நாம் கவனிக்க வேண்டியது. 2010-இல் தீயணைப்புச் சேவைகளுக்கு ஓர் ஆணையர். 2013-இல் புதிய சட்டம், அதன்படி 2014 முதல் எல்லா விதமான பெரிய அவசரத்துக்கும் பொதுவாக ஓர் அவசரகால மேலாண்மை ஆணையர். கூடவே, கட்டளையிடும் சங்கிலியில் இல்லாத ஒரு தலைமை ஆய்வாளர். எது சரியாக நடந்தது, எது தவறியது என்று வெளியில் நின்று பார்த்து எழுதுவது அவர் வேலை. அரசியல் தலைமை, களத் தலைமை, தணிக்கை என்று மூன்றாகப் பிரித்துவிட்டார்கள். 2020 ஜனவரி 2 அன்று கிப்ஸ்லாந்து பகுதி காட்டுத்தீயில் எரிந்துகொண்டிருந்தபோது அம்மாநில முதல்வர் டேனியல் ஆண்ட்ரூஸ் பேரிடர் நிலையை அறிவித்தார். அந்த அதிகாரத்தை விக்டோரியா பயன்படுத்தியது அதுவே முதல் முறை. 2009-இல் இந்த யோசனையை அமைச்சர் முதல்வரிடம் எழுப்பியிருக்க வேண்டும் என்று கமிஷன் சொல்லியிருந்தது.

ஆனால் தனி அமைச்சர் என்பதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது, அது அரசியல் எடை. 2016-இல் அங்கே அவசர சேவைகள் அமைச்சராக இருந்தவர் ஜேன் காரெட். கிராமப்புறத் தன்னார்வத் தீயணைப்பாளர்களின் அமைப்புக்கும் சம்பளத் தீயணைப்பாளர்களின் சங்கத்துக்கும் இடையில் பெரிய தகராறு. அமைச்சர் ஒரு நிலைப்பாடு எடுத்தார், முதல்வர் வேறு நிலைப்பாடு எடுத்தார். ஜூன் மாதம் அமைச்சர் ராஜினாமா செய்தார். அடுத்து வந்த அமைச்சர் அந்த அமைப்பின் நிர்வாகக் குழுவையே கலைத்தார். நம் அமைச்சரவையில் 35 பேருக்கு மேல் இருக்க முடியாது. இதில் தீயணைப்புக்கென்று ஒரு புது இலாகா உண்டாக்கினால் அது பட்டியலின் எந்தக் கோடியில் இருக்கும், நிதித்துறையில் அவர் பேச்சு எடுபடுமா என்று யோசித்துப் பாருங்கள். வருவாய்த் துறையை வழக்கமாக மூத்தவர் ஒருவருக்குத்தான் கொடுப்பார்கள். கலெக்டர்கள் அந்தத் துறையின் போனை உடனே எடுப்பார்கள். அந்த எடையைத் தூக்கி எறியக் கூடாது.

அப்புறம், "எல்லாம் ஒரே அமைச்சர்" என்பது அங்கேயும் முழு உண்மையில்லை. விக்டோரியாவில் ஆம்புலன்ஸுக்குத் தனி அமைச்சர். ஆனால் 000 என்ற அவசர எண்ணுக்கு வரும் அழைப்பை எடுத்து வண்டி அனுப்பும் அமைப்பு அவசர சேவைகள் அமைச்சரிடம். கொரோனா காலத்தில் அழைப்புகள் குவிந்து, எடுக்க ஆள் போதாமல், மக்கள் போனைக் காதில் வைத்துக் காத்துக்கிடந்தார்கள். தாமதமான அழைப்புகளோடு தொடர்புடைய 33 இறப்புகளைத் தலைமை ஆய்வாளரின் அறிக்கை 2022-இல் வெளியே கொண்டுவந்தது. படிக்கும்போது நெஞ்சு பதறுகிறது. ஆனால் ஒன்று: அது வெளியே வந்தது. எண்ணிக்கையோடு, அரசு நியமித்த ஒருவரின் கையெழுத்தோடு வந்தது. நம் ஊரில் 2015-க்கோ 2023-க்கோ எந்த அழைப்பு எத்தனை மணிக்கு வந்தது, படகு எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று அப்படி ஒரு கணக்கை நான் தேடிக் கிடைக்கவில்லை.

நியூ சவுத் வேல்ஸைப் பற்றி ஒரு வார்த்தை. 2019 கடைசியில் அங்கே காடு எரிந்துகொண்டிருந்தபோது அமைச்சர் டேவிட் எலியட் குடும்பத்தோடு ஐரோப்பாவில் விடுமுறையில் இருந்தார். ஊரே கொதித்தது, பாதியில் திரும்பினார். ஆனால் தீயணைப்பு நிற்கவில்லை. கிராமப்புறத் தீயணைப்புச் சேவையின் ஆணையர் ஷேன் பிட்ஸ்சிமன்ஸ் தினமும் மக்கள் முன் நின்று சொல்ல வேண்டியதைச் சொன்னார். கட்டளை அமைச்சரைச் சார்ந்திருக்கவில்லை என்பது அந்த ஏற்பாட்டின் பலம். அமைச்சர் தங்களோடு இல்லாததை மக்கள் பொறுத்துக்கொள்ளவில்லை என்பதும் நியாயம்தான்.

ஒடிசா நமக்குக் கிட்டத்தில் இருப்பது. 1999 அக்டோபர் சூப்பர் புயலில் சுமார் 10,000 பேர் இறந்தார்கள். அந்த ஆண்டே ஒடிசா பேரிடருக்கென்று ஓர் அமைப்பைத் தொடங்கியது. நாட்டுக்கே சட்டம் வந்தது ஆறு வருடம் கழித்துத்தான். 2001-இல் ஓட்ராப் என்ற விரைவு மீட்புப் படையை உருவாக்கினார்கள். கடற்கரை நெடுக 800-க்கும் மேற்பட்ட புயல் காப்பகங்கள் கட்டினார்கள். 2013-இல் பைலின் புயல் வந்தபோது சுமார் 10 லட்சம் பேரையும், 2019-இல் பானி வந்தபோது சுமார் 12 லட்சம் பேரையும் அப்புறப்படுத்தினார்கள். இரண்டிலும் இறப்பு நூறைத் தொடவில்லை. இருபது வருடத்தில் ஒரு ஏழை மாநிலம் செய்து காட்டியது இது. சிறப்பு நிவாரண ஆணையரே பல சமயம் அந்த அமைப்பின் நிர்வாக இயக்குநராகவும் இருந்ததால் கோப்பு ஒரே மேஜையில் முடிந்தது. அமைச்சர் யார் என்று ஒடிசாவில் கேட்டால் பலருக்குத் தெரியாது. ஆணையர் யார் என்று தெரியும்.

இதை அப்படியே கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றும். இரண்டு தயக்கம் எனக்கு. 2000 முதல் 2024 வரை நவீன் பட்நாயக் ஒருவரே முதலமைச்சராக இருந்தார். ஒரே தலைமை 24 வருடம் விடாமல் ஆர்வம் காட்டியதில் வளர்ந்த மரம் அது. ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆட்சி மாறிப் பழகிய நம் மண்ணில், முதலமைச்சரின் தனிப்பட்ட ஆர்வத்தை நம்பி ஏற்பாடு செய்யக் கூடாது. இரண்டாவது, புயல் நான்கு நாள் முன்னதாகவே சொல்லிவிட்டு வருகிறது. சொல்லாமல் வரும் தீயில் ஒடிசாவும் தடுமாறியது. 2016 அக்டோபரில் புவனேஸ்வரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் தீப்பிடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ராஜினாமா செய்தவர் சுகாதார அமைச்சர். தீயணைப்பு அவர் துறையே இல்லை. பொறுப்பேற்று விலகியது பெரிய மனசு, அதில் சந்தேகமில்லை. ஆனால் தீப் பாதுகாப்புக்கு அந்த மாநிலத்தில் யார் பதில் சொல்ல வேண்டும் என்ற குழப்பத்தையும் அது காட்டியது.

இத்தனையும் பார்த்த பிறகு என் முடிவு இது. எல்லாவற்றையும் ஒரே அமைச்சரிடம் குவிக்க வேண்டாம். ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றலாம்: தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறையை உள்துறையிலிருந்து எடுத்து வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மை அமைச்சரிடம் கொடுக்க வேண்டும். திட்டம் போடுபவரும் படகு வைத்திருப்பவரும் ஒரே வரவுசெலவுக்குள் வர வேண்டும். 2025-இல் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாநில மீட்புப் படைக்கும், பெரிய நகரங்களுக்குத் தனி பேரிடர் ஆணையத்துக்கும் வழி செய்திருக்கிறது. அவற்றையும் இதே குடையின் கீழ் வைத்தால், காவல்துறையிலிருந்து ஆட்களைக் கடன் வாங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

108-ஐத் தொடக் கூடாது என்பேன். அந்த வண்டி தினமும் சுமப்பது பிரசவ வலியையும் நெஞ்சு வலியையும் சாலை விபத்தையும்தான். அதன் மறுமுனை மருத்துவமனைப் படுக்கை. எந்த ஆஸ்பத்திரியில் இடம் இருக்கிறது என்று தெரிந்த துறையிடமே அது இருக்கட்டும். காவல்துறையும் அப்படியே. ஏரி ஷட்டரை வருவாய் அமைச்சரிடம் கொடுக்க முடியாது. ஆனால் தண்ணீர் திறப்பதாக முடிவெடுத்த அதே நிமிஷத்தில் எழிலகத்துக்கும் மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கும் தகவல் போக வேண்டும், போன நேரம் பதிவாக வேண்டும் என்று ஒரு விதி போட முடியும். அந்தப் பதிவு பொதுமக்கள் பார்க்கும்படி இருந்தால் இன்னும் நல்லது.

எதிர்ப்பு வரும். தீயணைப்புத் துறைக்குத் தலைமை வகிப்பவர் ஐ.பி.எஸ். அதிகாரி, சீருடைத் துறை வருவாய்த் துறைக்குக் கீழே போவதா என்று கேட்பார்கள். சீருடையும் கட்டளை முறையும் அப்படியே இருக்கட்டும், மாறுவது அமைச்சரும் செயலாளரும் மட்டும்தான். பட்டா, நில அளவை, சான்றிதழ் என்று ஏற்கெனவே மூழ்கிக் கிடக்கும் அமைச்சருக்கு இன்னொரு சுமையா என்பது இதைவிட வலுவான கேள்வி. அதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. நில நிர்வாகத்தின் ஒரு பகுதியைப் பிரித்து வேறு அமைச்சரிடம் கொடுக்கலாம். நிலத்தைப் பிரிப்பதால் யாரும் மூழ்கிப்போக மாட்டார்கள். பெரிய வெள்ளம் என்றால் முதலமைச்சர்தான் முன்னால் வந்து நிற்கப் போகிறார், பிறகு இந்த அமைச்சர் எதற்கு என்றும் கேட்கலாம். 2005 சட்டப்படி மாநில ஆணையத்தின் தலைவர் முதலமைச்சர்தான். துறை அமைச்சருக்கென்று அந்தச் சட்டம் தனி இடம் எதுவும் ஒதுக்கவில்லை. அதனால்தான் அந்த இடத்தை மாநிலம் தானே வரையறுத்து எழுதிவைக்க வேண்டும் என்கிறேன்: வெயில் காலத்துத் தயாரிப்பு அவருடையது, மழை இரவின் கட்டளை கலெக்டருடையதும் மீட்பு அதிகாரியுடையதும், மறுநாள் சபையில் பதில் அவருடையது.

விக்டோரியாவிடமிருந்து நான் கடன் வாங்க விரும்புவது அந்தத் தலைமை ஆய்வாளர் பதவியை. ஒவ்வொரு பெரிய மழைக்கும் தீ விபத்துக்கும் பிறகு ஆறு மாதத்துக்குள் ஓர் அறிக்கை, அதைச் சட்டமன்றத்தில் வைக்க வேண்டிய கட்டாயம். ஒடிசாவிடமிருந்து, ஆணையரை வருடத்துக்கு வருடம் மாற்றாமல் வைத்திருக்கும் பழக்கத்தை.

தீயணைப்புத் துறையை மாற்றுவதற்குப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. அமைச்சர்களுக்கு இலாகா ஒதுக்குவது முதலமைச்சரின் பரிந்துரையில் ஆளுநர் மாளிகையிலிருந்து வரும் ஓர் அறிவிப்பு. துறையை ஒரு செயலகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அலுவல் விதிகளில் ஒரு திருத்தம். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். மே மாதத்துக்குள் அறிவிப்பு வந்தால், பழுது பார்க்கப் போன மோட்டார்கள் எத்தனை, அவற்றில் திரும்பி வந்தவை எத்தனை என்று செப்டம்பர் மாதம் ஒரே அமைச்சரிடம் கேட்கலாம்.

சித்தப்பா இப்போது நன்றாக இருக்கிறார். ஐப்பசி பிறந்தால் சித்தி மாடி அறையில் ஒரு மண்பானைக்குள் ஈர மணல் நிரப்பி, இரண்டு வாரத்துக்கான இன்சுலினை அதில் எடுத்து வைத்துவிடுகிறார். போனுக்கு ஒரு பவர் பேங்கும் அங்கேயே இருக்கிறது.